மலையா, மடுவா? விடுமுறைக்கு எங்கே போகலாம்?

(பினாங்கு, லிட்டில் இந்தியாவில் பள்ளி விடுமுறையை ஒட்டி நடந்த தொலைக்காட்சிக் கருத்துமேடையில் அறிவிப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, கடையில் பையனை நிறுத்திவிட்டு ஓடி வந்திருக்கும் மார்க்கெட் தெரு அண்ணன்மார்களே, குயின் தெரு மாரியம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டு அப்படியே இங்கே வந்து உட்கார்ந்துவிட்ட அக்காமார்களே, வீட்டில் இருந்தபடி பார்த்துக் கொண்டிருக்கும் நேயர்களே, எல்லாருக்கும் என் அன்பு.

இன்று எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு, "குடும்பத்தோடு விடுமுறைக்குப் போக எது சிறந்தது? கெந்திங் மலையா, சன்வே லகூனா?" தலைப்பைக் கேட்டதும் சிரித்துவிட்டேன். மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் என்று நம் பெரியவர்கள் சொல்வார்களே, இங்கே அது நிஜமாகவே அப்படித்தான். ஒன்று மலை உச்சியில் இருக்கிறது. மற்றொன்று ஈயம் தோண்டி எடுத்த பள்ளத்தில் இருக்கிறது.

பட்டிமன்ற நடுவர் மாதிரி "இரண்டும் நல்லதே, சென்று வாருங்கள்" என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன். தீர்ப்பு உண்டு. ஆனால் அதற்கு முன்னால் உங்களிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும். போன முறை நீங்கள் குடும்பத்தோடு ஒரு பூங்காவுக்குப் போனபோது, பைகளை யார் பார்த்துக் கொண்டார்கள்?

யோசித்துக் கொண்டே இருங்கள். கடைசியில் அந்தக் கேள்விக்கு வருகிறேன்.

மலையின் கதை

முதலில் கெந்திங். 1965-ஆம் ஆண்டு லிம் கோ தோங் தொடங்கிய முயற்சி அது. பகாங், சிலாங்கூர் எல்லையில், தித்திவங்சா மலைத்தொடரில், வழியே இல்லாத காட்டுக்குள் சாலை போடுவதற்கே ஆண்டுக்கணக்கில் ஆனது. 1971-ல்தான் முதல் ஹோட்டல் திறந்தார்கள். இன்று அங்கே உள்ள ஃபர்ஸ்ட் வேர்ல்டு ஹோட்டலில் மட்டும் 7,351 அறைகள். உலகிலேயே அதிக அறைகள் கொண்ட ஹோட்டல் என்று 2015-ல் கின்னஸ் புத்தகத்தில் இடம் பெற்றது. ஒரு சிற்றூரையே உள்ளே குடி வைக்கலாம்.

நம்மில் முப்பது வயதைத் தாண்டியவர்கள் நினைவில் வைத்திருப்பது பழைய திறந்தவெளிப் பூங்காவைத்தான். பனிமூட்டத்துக்குள் ராட்டினம் சுற்றும். சுவெட்டர் போட்டுக் கொண்டு கையில் சூடான சோளத்தோடு நிற்போம். அந்தப் பூங்கா 2013 செப்டம்பர் முதல் தேதி மூடப்பட்டது. அதே இடத்தில் ஹாலிவுட்டின் ஃபாக்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து புதிய பூங்கா வரும் என்றார்கள். 2018-ல் அது வழக்கில் போய் முடிந்தது, மறு ஆண்டு சமரசம் ஆனது, பிறகு கொரோனா வந்தது. ஒருவழியாக 2022 பிப்ரவரி 8-ஆம் தேதி 'கெந்திங் ஸ்கைவேர்ல்ட்ஸ்' என்ற பெயரில் திறந்தார்கள். பழைய பூங்கா மூடியபோது முதலாம் ஆண்டில் இருந்த பிள்ளை, புதியது திறந்தபோது மீசை முளைத்து நின்றான்.

புதிய பூங்காவின் பரப்பு 26 ஏக்கர். ஒன்பது பகுதிகள். 'ஐஸ் ஏஜ்', 'ரியோ', 'ரோபோட்ஸ்' என்று பிள்ளைகள் பார்த்த படங்களை வைத்தே விளையாட்டுகளை அமைத்திருக்கிறார்கள். இது தவிர, 2018 டிசம்பரில் திறந்த உள்ளரங்கப் பூங்கா ஒன்றும் இருக்கிறது. மழை வந்தால் அங்கே ஒதுங்கலாம். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரம் என்பதால் மழையும் பனிமூட்டமும் அங்கே சொல்லாமல் வரும் விருந்தாளிகள்.

மடுவின் கதை

இப்போது சன்வே லகூன். கோலாலம்பூர் பக்கம், பண்டார் சன்வேயில் இருக்கிறது. ஈயச் சுரங்கம் நடத்தி வந்த ஜெஃப்ரி சியா, ஈயம் தீர்ந்து கைவிடப்பட்ட நிலத்தில் ஓர் ஊரையே எழுப்பினார். 1993-ல் பூங்கா திறந்தது. பக்கத்திலேயே 1997-ல் பிரமிடு வடிவப் பேரங்காடி வந்தது. ஹோட்டல், கல்லூரி, மருத்துவமனை எல்லாம் சுற்றி வந்தன. ஈய லம்பம் என்று நம் தாத்தாக்கள் சொன்ன மாதிரியான ஒரு பள்ளம்தான் இன்று பிள்ளைகள் குதித்து விளையாடும் குளம். மேலே நின்று பார்த்தால் பூங்கா முழுவதும் கீழே பள்ளத்தில் தெரியும். அதன் குறுக்கே 428 மீட்டர் நீளத்துக்குத் தொங்கு பாலம் போட்டிருக்கிறார்கள்.

பரப்பு 88 ஏக்கர். நீர்ப் பூங்கா, ராட்டினங்கள், விலங்குப் பூங்கா, பயமுறுத்தும் வீடு என்று பல பிரிவுகள் உண்டு. ஆனாலும் சன்வே என்றால் முதலில் தண்ணீர்தான். செயற்கை அலை, சறுக்கு, குளம். காலையில் உள்ளே விட்டால் மாலையில் பிள்ளைகளை இழுத்துக் கொண்டுதான் வெளியே வர வேண்டும்.

ஆக, மலையில் குளிரும் ராட்டினமும். மடுவில் வெயிலும் தண்ணீரும். எதற்குப் போவது?

போகும் வழி

நாம் பினாங்குத் தீவிலிருந்து கிளம்புகிறோம். கோலாலம்பூர் வரைக்கும் சாலை வழியாக ஏறக்குறைய 350 கிலோமீட்டர். தாப்பா ஓய்விடத்தில் நிறுத்திப் புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டு, கால் நீட்டிக் கொள்ளும் நேரத்தையும் சேர்த்தால் ஐந்து மணி நேரம். புளிச்சோற்றை அங்கேயே முடித்து விடுங்கள். பூங்காவுக்குள் வெளி உணவைக் கொண்டு போக அனுமதிப்பதில்லை.

கார் இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். படகில் பட்டர்வொர்த் போனால் அங்கிருந்து இ.டி.எஸ். மின்சார இரயில். கே.எல். சென்ட்ரலில் இறங்கி, கிள்ளான் துறைமுகம் போகும் கொமுட்டர் இரயிலில் செத்தியா ஜெயா நிலையம். அங்கிருந்து 2015-ல் தொடங்கிய பி.ஆர்.டி. பேருந்து மேம்பாலத்திலேயே ஓடும். நெரிசல் கிடையாது. 'சன்வே லகூன்' என்ற பெயரிலேயே ஒரு நிலையம் இருக்கிறது. பையைத் தூக்கிக் கொண்டு டாக்சிக்குக் கை காட்ட வேண்டியதில்லை. இந்த வசதியில் மடுவுக்கு ஒரு மதிப்பெண்.

கெந்திங்குக்கும் கே.எல். சென்ட்ரலிலிருந்து பேருந்து உண்டு. சொந்தக் காரில் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2013 ஆகஸ்ட் 21-ஆம் தேதி அந்த மலைச்சாலையில் இறங்கி வந்த பேருந்து ஒன்று பள்ளத்தில் விழுந்து 37 பேர் உயிரிழந்தார்கள். நம் நாட்டின் மிக மோசமான சாலை விபத்துகளில் அது ஒன்று. பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. இறங்கும்போது பிரேக்கையே மிதித்துக் கொண்டு வராதீர்கள், கியரைக் குறைத்து இறங்குங்கள் என்று நினைவூட்டுகிறேன். மலை ஓட்டிப் பழக்கம் இல்லையென்றால் நடுவழியில் அவானா நிலையத்தில் காரை நிறுத்திவிட்டுக் கம்பிவட ஊர்தியில் ஏறிக் கொள்ளுங்கள். 2016 டிசம்பரில் தொடங்கிய அந்த ஊர்தி 2.8 கிலோமீட்டர் தூரத்தைப் பத்தே நிமிடத்தில் கடக்கும். நடுவில் சின் ஸ்வீ குகைக் கோயிலில் இறங்கிப் பார்த்துவிட்டு மறுபடி ஏறலாம். காட்டுக்கு மேலே மிதந்து போகும் அந்தப் பத்து நிமிடத்தை மட்டுமே பெரிதாகப் பேசுகிற பெரியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அந்த வழியில் நமக்கென்று இன்னொரு நன்மையும் உண்டு. கராக் நெடுஞ்சாலையில் ஏறுவதற்கு முன் சற்றே திரும்பினால் பத்துமலை. 272 படி ஏற முடியாத பாட்டியும், 2006-ல் எழுப்பிய முருகன் சிலைக்குக் கீழே நின்று கையெடுத்துக் கும்பிடலாம்.

உயரம், உடை, மழை

இனி மூன்று நடைமுறைச் செய்திகள். இவற்றைக் கவனிக்காமல் போய் அழுதவர்களில் நாங்களும் அடக்கம்.

முதலாவது, உயரம். என் அக்காள் மகனுக்கு அப்போது ஏழு வயது. ஒரு பூங்காவில் முக்கால் மணி நேரம் வரிசையில் நின்றான். முன்னால் போனதும் ஊழியர் அளவுகோலைக் காட்டினார். இரண்டு விரற்கடை குறைவு. பையன் அழுத அழுகையில் அந்த நாள் முழுவதும் கெட்டது. தவறு எங்களுடையது. நுழைவாயிலிலேயே எழுதித்தான் வைத்திருந்தார்கள். ஆகவே வீட்டிலேயே கதவு நிலையில் பிள்ளைகளை நிறுத்தி அளந்து, பூங்காவின் இணையப் பக்கத்தில் ஒவ்வொரு விளையாட்டுக்கும் என்ன உயரம் கேட்கிறார்கள் என்று பார்த்துவிட்டு, எதில் ஏறலாம், எதில் ஏற முடியாது என்று முன்கூட்டியே சொல்லி விடுங்கள். குறிப்பாக வேகமான ராட்டினங்களுக்கு இது அவசியம். தண்ணீர்ப் பூங்காவில் சின்னப் பிள்ளைகளுக்கென்று தனிக் குளம் இருப்பதால் ஏமாற்றம் குறைவு. ஆனால் அங்கே கண் இமைக்காமல் ஒரு பெரியவர் பக்கத்தில் நிற்க வேண்டும். உயிர்காப்பாளர் இருக்கிறாரே என்று கைப்பேசியைப் பார்க்காதீர்கள்.

இரண்டாவது, உடை. இதை நம் பெண்களுக்காகச் சொல்கிறேன். நீர்ப் பூங்காவில் பருத்திச் சட்டை, ஜீன்ஸ் போட்டுக் கொண்டு இறங்க விடுவதில்லை. நீச்சலுக்கான துணியில் தைத்த உடைதான் வேண்டும். இது தெரியாமல் சுடிதாரோடு போய், "நான் கரையிலேயே உட்கார்ந்து கொள்கிறேன், நீங்கள் போங்கள்" என்று சொல்லும் தாய்மார்கள் எத்தனை பேர்! கழுத்திலிருந்து கணுக்கால் வரை மூடிய நீச்சலுடை நம் நாட்டில் எங்கும் கிடைக்கிறது. மலாய்ச் சகோதரிகள் அதை அணிந்து கொண்டு பிள்ளைகளோடு சறுக்கி வருகிறார்கள். நாமும் வாங்கலாம். அம்மாவுக்கு ஓர் உடை வாங்கும் செலவை முதலிலேயே கணக்கில் சேருங்கள்.

மூன்றாவது, மழை. மதியத்துக்குப் பிறகு இடி மின்னல் வருவது நம் நாட்டு வழக்கம். மின்னல் வந்தால் மலையிலும் சரி, மடுவிலும் சரி, வெளி விளையாட்டுகளை நிறுத்தி விடுவார்கள். நிறுத்தத்தான் வேண்டும். ஆகவே திறக்கும் நேரத்துக்கே போய், முக்கியமானதை மதியத்துக்குள் முடித்துக் கொள்ளுங்கள். மழை பிடித்தால் மலையில் உள்ளரங்கப் பூங்கா இருக்கிறது. மடுவுக்குப் பக்கத்தில் பேரங்காடியும் அதனுள் பனிச்சறுக்குத் தளமும் உண்டு. எந்தெந்த நாள் திறந்திருக்கும் என்பதையும் கிளம்பும் முன் பார்த்து விடுங்கள். வேலை நாள்களில் மூடும் வழக்கமும் உண்டு.

பணம்

இங்கே இருக்கும் பலருக்குத் தீபாவளிக்கு முன் விடுமுறை கிடையாது. ஊரெல்லாம் புடவை வாங்க வரும்போது நாம் கடையில் நிற்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறை கிடைக்கும் இரண்டு மூன்று நாள்தான் நம் விடுமுறை. அதற்காகச் சேர்த்த வெள்ளியை எண்ணித்தான் செலவு செய்வோம். ஆகவே ஒரு தாளில் ஐந்து வரி எழுதுங்கள். பயணம், நுழைவுச் சீட்டு, தங்கல், சாப்பாடு, சில்லறை. இந்த ஐந்தாவது வரிதான் ஆளை விழுங்கும். பூட்டுப் பெட்டி வாடகை, புகைப்படம், பொம்மை, மழைச் சட்டை எல்லாம் அதில்தான். சீட்டை முன்கூட்டியே இணையத்தில் வாங்குங்கள். மலேசியர்களுக்குத் தனி விலை இருக்கும், பெரியவர்களின் மைகாட், பிள்ளைகளின் மைகிட் அட்டைகளை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். அறை வாடகை பள்ளி விடுமுறையிலும் வாரக் கடைசியிலும் ஏறும். விடுமுறையிலேயே ஒரு செவ்வாய், புதன் பார்த்துப் போனால் பணமும் மிச்சம், வரிசையும் குறைவு.

மலையைப் பற்றி இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நாட்டில் உரிமம் பெற்ற ஒரே கேசினோ அங்கேதான் இருக்கிறது. முஸ்லிம்களும் 21 வயதுக்குக் கீழானவர்களும் உள்ளே போக முடியாது. நம் வீட்டு ஆண்கள் போக முடியும். "பத்து நிமிடத்தில் வருகிறேன்" என்று போகிறவருக்கு அந்தப் பத்து நிமிடம் எப்போது முடியும் என்பது அவருக்கே தெரியாது. சட்டம் அனுமதிக்கிறது, அது அவரவர் விருப்பம். ஆனால் பிள்ளைகளின் விடுமுறைக்குச் சேர்த்த பணம் வேறு, அந்தப் பணம் வேறு. அண்ணன்மார்களே, மலை ஏறும் முன் பணப்பையை அண்ணியிடம் கொடுத்து விடுங்கள். கேட்டால், மேடையில் அப்படிச் சொன்னார்கள் என்று என் மேல் பழியைப் போடுங்கள்.

பையைப் பார்த்துக் கொண்டது யார்?

இப்போது நான் முதலில் கேட்ட கேள்விக்கு வருகிறேன்.

எங்கள் வீட்டில் அது பாட்டி. சில ஆண்டுகளுக்கு முன், வேறொரு பூங்காவுக்கு எட்டுப் பேர் போனோம். உள்ளே நுழைந்ததும் நிழலாக ஓர் இருக்கை பார்த்துப் பாட்டியை உட்கார வைத்தோம். பைகள், காலணிகள், துண்டுகள், கைப்பேசிகள் எல்லாம் அவர் மடியிலும் பக்கத்திலும். "பாட்டி, நீங்க இங்கேயே இருங்க, இதோ வந்துடுறோம்" என்று சொல்லிவிட்டு ஓடினோம். இடையிடையே வந்து தண்ணீர் குடித்தோம், துண்டு எடுத்தோம், மறுபடி ஓடினோம். "நீங்க போங்கய்யா, நான் பார்த்துக்கிறேன்" என்று சிரித்துக் கொண்டே இருந்தார். காலை பதினொரு மணிக்கு உட்கார்ந்தவர் மாலை ஐந்து மணிக்கு எழுந்தார். பையை விட்டுவிட்டுக் கழிவறைக்குக் கூடப் போகவில்லை என்று இரவில் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். எங்களிடம் சொல்லவில்லை.

மறு ஆண்டு பாட்டி காலமானார். சட்டம் போட்டு மாட்ட நல்ல படமாகத் தேடினோம். அந்தப் பயணத்தில் எடுத்த படங்கள் நூற்றுக்கு மேல் இருந்தன. எல்லாவற்றிலும் நாங்கள் இருந்தோம். எங்கள் காலணிகள் கூட ஒரு படத்தில் இருந்தன. பாட்டி ஒன்றில்கூட இல்லை. அவர் உட்கார்ந்திருந்த பக்கம் யாரும் கேமராவைத் திருப்பவே இல்லை.

தொலைக்காட்சியில் வேலை செய்கிற ஆள் நான். கேமராவை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்பதே என் தொழில். என் வீட்டில் அது எனக்குத் தெரியாமல் போயிற்று.

அன்றிலிருந்து நான் பூங்காக்களை ஒப்பிடும் முறையே மாறிவிட்டது. எந்த ராட்டினம் உயரம், எந்தச் சறுக்கு நீளம் என்று தொடங்குவதில்லை. எதிலும் ஏற முடியாதவர் நம் குடும்பத்தில் யார், அவருக்கு அந்த இடத்தில் நாள் முழுவதும் என்ன இருக்கிறது என்றுதான் தொடங்குகிறேன். அப்படிப் பார்த்தால் தீர்ப்பு சுலபம்.

பாட்டி, தாத்தா கூட வருகிறார்களா? மலைக்குப் போங்கள். கம்பிவட ஊர்தியில் அவரும் ஏறலாம். கோயில் பார்க்கலாம். குளிர்ந்த காற்றில் உள்ளரங்கத்தில் உட்காரலாம். களைத்தால் அறைக்குப் போய்ப் படுக்கலாம். ஆனால் ஓர் இரவாவது தங்குங்கள். ஒரே நாளில் ஏறி இறங்கினால் அவருக்கு அலைச்சல்தான் மிஞ்சும். மூச்சுத் தொல்லையோ இதய நோயோ இருந்தால் மருத்துவரைக் கேட்ட பிறகே கிளம்புங்கள். முட்டிவலிக்குக் கம்பளியும் காலுறையும் எடுத்துக் கொள்ளுங்கள்.

அப்பா, அம்மா, பிள்ளைகள் மட்டுமா? பிள்ளைகள் பன்னிரண்டுக்குள்ளா? மடுவுக்குப் போங்கள். இரயிலில் போய் இறங்கலாம். அம்மாவும் தண்ணீரில் இறங்கட்டும். அங்கே 88 ஏக்கர் வெயிலில் நடக்க வேண்டும் என்பதால்தான் பெரியவர்களோடு போக வேண்டாம் என்கிறேன்.

இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகளா? அவர்கள் மலையைத்தான் கேட்பார்கள். விட்டுக் கொடுங்கள். ஆனால் காலையில் முதல் நிகழ்ச்சி வீட்டுப் பெரியவருக்குப் பிடித்தது என்று சொல்லி வையுங்கள்.

எங்கே போனாலும் ஒரு விதி. பைக்கு முறை வைத்துக் கொள்ளுங்கள். ஒருவருக்கு ஒரு மணி நேரம், அப்பாவுக்கும் முறை உண்டு. ஆள் இல்லையென்றால் பூட்டுப் பெட்டியை வாடகைக்கு எடுங்கள். அந்தச் சில வெள்ளியை மிச்சம் பிடிப்பதற்காக ஓர் ஆளின் விடுமுறையைச் செலவழிக்காதீர்கள்.

கூட்டத்துக்கு முன் ஓர் அக்கா கேட்டார். "அங்கெல்லாம் போக எங்களுக்கு நாளும் இல்லை, பணமும் இல்லை. நாங்கள் என்ன செய்வது?" அக்கா, நம் தீவிலேயே தெலுக் பஹாங்கில் 'எஸ்கேப்' இருக்கிறது. 1,111 மீட்டர் நீளச் சறுக்குக்காக 2019-ல் கின்னஸ் சாதனை பெற்ற இடம். கொம்தாரிலிருந்து பேருந்து போகிறது. அதுவும் முடியாவிட்டால் எஸ்பிளனேடு கடற்கரைக்கு ஒரு மாலை நேரம் நடந்து போங்கள். எல்லாருமாகப் போங்கள். ஒரு படம் எடுங்கள். அதில் எல்லாரும் இருக்கிறார்களா என்று அங்கேயே எண்ணிப் பாருங்கள். குறைந்தால், படம் எடுக்கும் ஆளையும் கூப்பிட்டு நிறுத்தி, வழியில் போகிறவரிடம் கைப்பேசியைக் கொடுத்து மறுபடி எடுங்கள்.

நல்ல விடுமுறையாக அமையட்டும்.